கருப்பைவாய்ப் புற்றுநோய்: நோயியலும் தமிழ்நாட்டு வரலாறும்

கருப்பைவாய்ப் புற்றுநோய் என்பது கருப்பையின் கீழ்ப்பகுதியாகிய கழுத்து, யோனிக்குள் வந்து திறக்கும் இடத்தில் தோன்றும் புற்றுநோய் ஆகும். பேச்சு வழக்கில் இது 'கர்ப்பப்பை வாய்ப் புற்று' எனப்படுகிறது. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி அவ்வாண்டில் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 3,50,000 பேர் இறந்தனர். இந்தியாவின் பங்கு சுமார் 1,27,000 புதிய நோயாளிகளும் 80,000 இறப்புகளும் ஆகும்.

புற்றுநோய்களில் இதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. தோன்றும் இடம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். முற்றுவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். காரணமும் தெரிந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் தென்னிந்தியக் கிராமங்களில் இது பல தலைமுறைப் பெண்களைக் கொண்டு சென்றது. இந்நோய் எப்படி உருவாகிறது, அதை உலகம் எப்படி அறிந்துகொண்டது, அந்த அறிவு தமிழ்நாட்டுக்கு எந்த வழியில் வந்து சேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

நோய் தோன்றும் இடம்

கருப்பைக் கழுத்தின் வெளிப்புறம், யோனியைப் போலவே, பல அடுக்குத் தட்டைச் செல்களால் மூடப்பட்டிருக்கும். கழுத்தின் உட்குழாயில் ஒரே அடுக்காகத் தூண் வடிவச் செல்கள் இருக்கும். இவை இரண்டும் சந்திக்கும் கோடு நிலையானது அன்று. பூப்பெய்தும்போதும் கருவுறும்போதும் உட்புறத் தூண் செல்கள் வெளிப்பக்கம் பிதுங்கி வருகின்றன. யோனியின் அமிலத்தன்மை படப்பட அவை மெல்லத் தட்டைச் செல்களாக மாறிக்கொள்கின்றன. இந்த மாற்றம் நடக்கும் வளையம் போன்ற பகுதிக்கு உருமாற்ற மண்டலம் என்று பெயர். கருப்பைவாய்ப் புற்றுநோயில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சிறு வளையத்தில்தான் பிறக்கின்றன.

மாதவிடாய் நின்ற பிறகு அந்தச் சந்திப்புக் கோடு மீண்டும் உட்குழாய்க்குள் ஏறி மறைந்துவிடும். வயது முதிர்ந்த பெண்களிடம் கண்ணால் பார்த்துச் செய்யும் சோதனைகள் சரிவரப் பயன்படாமைக்கு இதுவே காரணம். இத்தகைய பரிசோதனைத் திட்டங்கள் 60 வயதையொட்டி நின்றுவிடுவதற்கும் இது ஒரு காரணம்.

மாற்றங்கள் எப்படி வளர்கின்றன

நோயின் மூலகாரணம் மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை மரு போன்ற சிறு தொல்லைகளோடு நின்றுவிடும். பதினைந்து வகைகளுக்கும் குறைவானவையே புற்றுக்குக் காரணமாகின்றன. அவற்றிலும் 16, 18 என்னும் இரு வகைகள் மட்டுமே உலகில் இந்நோயின் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குப் பொறுப்பு.

உடலுறவின் வழியே இந்த வைரஸ் தொற்றுகிறது. இங்கு ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். திருமணமான பெண்களில் மிகப் பலருக்கு வாழ்நாளில் எப்போதேனும் இத்தொற்று ஏற்படுகிறது. கணவர் ஒருவரை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் இது வரும். ஒழுக்கக் குறைவின் அடையாளமாக இந்நோயைக் கருதுவது மருத்துவப்படி பிழை; அந்தக் கருத்து நோயை மறைக்கவே உதவியது. தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோரின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் வைரஸை வென்றுவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கிவிடுகிறது. அப்படித் தங்குபவர்களுக்கே ஆபத்து. இளவயதில் திருமணம், பல பேறுகள், புகையிலை, எதிர்ப்பாற்றல் குறைந்த நிலை ஆகியவை தங்கும் வாய்ப்பையும் முற்றும் வாய்ப்பையும் கூட்டுகின்றன.

நிலைத்துவிட்ட வைரஸ் செல்லுக்குள் என்ன செய்கிறது? ஒவ்வொரு செல்லிலும் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் உள்ளன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. பி53 என்பது சேதமுற்ற செல்லை நிறுத்திச் சரிசெய்ய வைக்கும். சரியாகாவிட்டால் அழியச் செய்யும். ஆர்.பி. என்பது தேவையின்றிச் செல் பிரியாமல் தடுக்கும். வைரஸின் இ6 என்னும் புரதம் முதலாவதைச் சிதைக்கிறது. இ7 இரண்டாவதை முடக்குகிறது. வீட்டின் இரண்டு காவலர்களையும் ஒரே திருடன் கட்டிப்போட்டது போன்ற நிலை இது. பிறகு செல்கள் கட்டுப்பாடின்றிப் பிரிகின்றன; பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

நுண்ணோக்கியில் இம்மாற்றத்தின் படிகளைக் காணலாம். செல்லின் கரு பெரிதாகி, கருமையாகச் சாயமேறி, ஒழுங்கிழந்து நிற்கும். மேல்தோலின் கீழ் மூன்றிலொரு பங்கில் மட்டும் இவ்வாறு இருந்தால் முதல்நிலை. மூன்றில் இரண்டு பங்குவரை என்றால் இரண்டாம் நிலை. அதற்கு மேலும் பரவினால் மூன்றாம் நிலை. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க நோயியல் அறிஞர் ரால்ப் ரிச்சர்ட் இப்பகுப்பை முன்வைத்தார். முதல்நிலை மாற்றங்களில் பெரும்பகுதி தானாகவே மறைந்துவிடும். மூன்றாம் நிலையை விட்டுவைத்தால் கணிசமானவை புற்றாக மாறும். ஆயினும் இம்மூன்று நிலைகளிலும் அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய எல்லைக்கோடு உடையாமல் இருக்கிறது. அதுவரை நோய் வெறும் முன்னோடி. வலி இல்லை, இரத்தம் இல்லை, பெண்ணுக்கு எதுவுமே தெரியாது. குளிரூட்டி உறையவைத்தோ, மின்கம்பி வளையத்தால் வெட்டியோ சில நிமிடங்களில் அகற்றிவிடலாம்.

அச்சவ்வைச் செல்கள் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கும் கணத்தில் அது புற்றுநோய். பெரும்பாலானவை தட்டைச் செல் புற்று. சிறுபான்மையாக உட்குழாய்ச் சுரப்பிச் செல்களில் தோன்றுவதும் உண்டு. பூக்கோசு போல வெளியே வளரலாம், குழிப்புண்ணாகத் தோண்டலாம், அல்லது கழுத்து முழுவதையும் கல்போல் இறுக்கிவிடலாம். பின்னர்ப் பக்கவாட்டு இணைப்புத் திசுவிலும் இடுப்பின் நிணநீர்க் கணுக்களிலும் பரவுகிறது. கருப்பைக் கழுத்துக்கு இருபுறமும் மிக அருகில் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் செல்கின்றன. பரவும் புற்று அவற்றை நெரிக்கும்போது சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கிச் செயலிழக்கிறது. இந்நோயில் இறப்பவர்கள் பலருக்கு இறுதிக் காரணம் இதுவே. இச்செய்தி பின்னால் விழுப்புரம் ஆய்வைப் பற்றிப் பேசும்போது பயன்படும்.

உலகம் அறிந்த விதம்

1842இல் இத்தாலியின் வெரோனா நகர மருத்துவர் ரிகோனி-ஸ்டெர்ன் அந்நகரின் பழைய இறப்புப் பதிவுகளைப் புரட்டினார். கன்னித்துறவிகளிடம் கருப்பைப் புற்று அரிதாகவும் மார்பகப் புற்று மிகுதியாகவும் இருப்பதைக் கண்டார். அக்காலத்தில் கருப்பைக்கும் அதன் வாய்க்கும் பதிவேடுகளில் வேறுபாடு இல்லை. எனினும் மணவாழ்வுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அதுவே முதல் தடயம். நுண்ணோக்கி எதுவுமின்றி, பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு கண்டறியப்பட்ட உண்மை என்பதால் இது வரலாற்று மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

1898இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்தைம் விரிவான அறுவை முறையைத் தொடங்கினார். அதே ஆண்டில் பாரிஸில் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்தனர். ரேடியக் குழாயைக் கருப்பைக்குள்ளேயே வைத்துப் புற்றைப் பொசுக்கும் முறை விரைவில் பரவியது. 1925இல் ஜெர்மனியின் ஹின்செல்மான், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோப் கருவியை அமைத்தார். அசிட்டிக் அமிலம் தடவினால் கெட்ட பகுதி வெளுத்துத் தெரியும் என்பதும், ஷில்லர் காட்டியபடி அயோடின் தடவினால் நல்ல பகுதி மட்டும் பழுப்பேறும் என்பதும் அக்காலத்திலேயே தெரிந்தவை. வினிகரின் இந்தக் குணம் எழுபது ஆண்டுகளுக்குப் பின் திண்டுக்கல் மாவட்டத்தில் பெரிய வேலை செய்யப்போகிறது.

1928இல் கிரேக்க நாட்டவரான ஜார்ஜ் பாபனிகோலாவ், யோனியிலிருந்து எடுத்த கசிவைக் கண்ணாடித் தகட்டில் பூசி, அதில் புற்றுச் செல்களைக் காண முடியும் என்று அறிவித்தார். ருமேனியாவின் ஆவ்ரேல் பாபேஷ் ஏறத்தாழ அதே காலத்தில் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். பாபனிகோலாவின் பேச்சை அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை. மகப்பேறு மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து 1941இலும் 1943இலும் அவர் வெளியிட்டவைதான் உலகின் கவனத்தை ஈர்த்தன. 'பாப் ஸ்மியர்' என்னும் பெயர் அவரிடமிருந்தே வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பின்லாந்திலும் பெண்களை முறையாக அழைத்துச் சோதித்ததால் நோய் வெகுவாகக் குறைந்தது. பிரிட்டனில் 1960களிலேயே சோதனை இருந்தும், பெயர்ப்பட்டியல் வைத்துக் கடிதம் அனுப்பி அழைக்கும் ஏற்பாடு 1988இல் வந்த பிறகுதான் இறப்பு விரைந்து குறைந்தது.

காரணம் மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. 1970களில் ஹெர்பிஸ் வைரஸ் மீதே பலருக்கும் ஐயம். ஜெர்மனியின் ஹாரால்ட் ட்சூர் ஹவுசன் மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸைச் சுட்டினார். 1983இல் 16ஆம் வகையையும் 1984இல் 18ஆம் வகையையும் அவருடைய குழு புற்றுத் திசுவிலிருந்து பிரித்துக் காட்டியது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவரைக் கேளாமலேயே எடுத்து வளர்க்கப்பட்ட ஹீலா செல்களிலும் 18ஆம் வகை வைரஸே இருந்தது. 2008இல் ட்சூர் ஹவுசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சென்னை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியர்களுக்குப் புற்றுநோய் அவ்வளவாக வராது என்ற கருத்து ஆங்கில மருத்துவர்களிடையே நிலவியது. மருத்துவமனைக்கு வராதவர்களைக் கணக்கில் சேர்க்காததால் வந்த கருத்து அது. 1930களில் நாத், கிரேவால் ஆகிய இருவர் இந்திய மருத்துவக் கல்லூரிகளின் நோயியல் பதிவுகளைத் தொகுத்து, இங்கும் புற்றுநோய் பரவலாகவே இருக்கிறது என்று காட்டினர். சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934இல் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியால். அவருடைய தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அது கருப்பைவாய்ப் புற்று அன்று, மலக்குடல் புற்று. இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதை வழிநடத்தினார். 1955இல் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். மகப்பேறு, மகளிர் நலத்தில் எம்.டி. முடித்த அவருக்கு எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் அரசு வேலை காத்திருந்தது. அதை விட்டு ஓலைக்கூரையிட்ட சிறு நிலையத்தைத் தேர்ந்தது அக்காலத்தில் பலருக்கும் புரியாத செயல். 2021 ஜனவரி 19இல் மறையும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடு.

1957இல் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி அங்கு நிறுவப்பட்டது. முற்றிய கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை என்பதால் இதன் பயன் பெரிது. அறுவை சிகிச்சை நோய் கழுத்தளவில் நிற்கும்போதுதான் பலன் தரும்; நிலையத்துக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் அந்த எல்லையைத் தாண்டியே வந்தனர். நோயின் படிநிலையை நான்காகப் பிரிக்கும் முறை 1920களின் இறுதியில் உலக நாடுகள் சங்கத்தின் முயற்சியால் உருவானது. மருத்துவர் கண்ணாலும் விரலாலும் அறிவதையே அது அடிப்படையாகக் கொண்டது. ஸ்கேன், நோயியல் முடிவுகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற திருத்தம் 2018இல்தான் வந்தது. ஏழை நாடுகளிலும் ஒரே அளவுகோல் இருக்கட்டும் என்பதே இவ்வளவு காலம் பழைய முறை நீடித்ததற்குக் காரணம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டப்படி 1982 முதல் சென்னையில் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு அடையாறு நிலையத்தின் பொறுப்பில் நடந்துவருகிறது. நம் நாட்டில் புற்றுநோயை அறிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. எனவே பதிவேட்டு ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று, ஏடுகளைப் பார்த்து, இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பெயர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. தொடக்கக் காலத்தில் சென்னைப் பெண்களில் லட்சத்துக்கு ஏறத்தாழ 40 பேருக்கு ஆண்டுதோறும் கருப்பைவாய்ப் புற்று வந்தது. பெண்களின் புற்றுநோய்களில் அதுவே முதலிடம். பிந்தைய பத்தாண்டுகளில் அவ்வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மார்பகப் புற்று முதலிடத்துக்கு ஏறியது. முறையான பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லாமலேயே இந்த இறக்கம் நிகழ்ந்தது. திருமண வயது உயர்ந்தது, பேறுகள் குறைந்தன, குளியலறையும் தண்ணீரும் வந்தன, பெண்கள் படித்தார்கள் என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. மருத்துவர்கள் மட்டும் பெருமை கொள்ளத்தக்க மாற்றம் இது என்று சொல்வதற்கில்லை.

விழுப்புரம்: இறந்தவர் வீட்டில் கேட்டு அறிதல்

சென்னையில் பதிவேடு இருந்தது, கிராமங்களில்? விழுப்புரம் மாவட்டம் 1993இல் பழைய தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. அங்கே ஒரு பெண் வீட்டில் இறந்தால், கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் உறவினர் சொல்லும் காரணத்தையே எழுதுவார். வயிற்று நோவு, காய்ச்சல், கைகால் வீக்கம், முதுமை என்பவை அப்படிப்பட்ட காரணங்கள். அவற்றைக் கொண்டு எந்த நோய் எத்தனை பேரைக் கொன்றது என்று அறிய முடியாது.

இந்த இடைவெளியை நிரப்ப, சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் டாக்டர் வி. கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோவும் ஒரு பெரும் ஆய்வை நடத்தினர். 'வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை' என்று அதைச் சொல்லலாம். மருத்துவர் அல்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சி அளித்து, இறந்தவர் வீட்டுக்கு அனுப்பினர். இறப்புக்கு முன் என்ன நடந்தது என்று வீட்டார் கூறுவதை அவர்கள் தமிழிலேயே எழுதி வந்தனர். மருத்துவர்கள் அந்த எழுத்தைப் படித்துக் காரணத்தை முடிவு செய்தனர். சென்னையில் 1995–97 ஆண்டுகளின் 48,000 இறப்புகளும், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 1997–98இன் 32,000 இறப்புகளும் இவ்வாறு ஆராயப்பட்டன. அனைத்தும் 25 வயதுக்கு மேற்பட்டோரின் இறப்புகள்.

கருப்பைவாய்ப் புற்றுக்கு இந்த முறை ஏன் பொருத்தமானது என்பதை நோயியலே சொல்கிறது. மருத்துவமனைச் சீட்டில் 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று மட்டும் இருக்கக்கூடிய ஒரு மரணத்தில், தீட்டு நின்று பல ஆண்டுகள் ஆனபின் இரத்தம் பட்டது, நாற்றத்துடன் வெள்ளைப்பட்டது, இடுப்பு வலி, ஒரு கால் மட்டும் வீங்கியது, கடைசியில் சிறுநீர் அடைத்தது என்ற வரிசையை மகளோ மருமகளோ சொல்லிவிட்டால், மருத்துவருக்கு மூலநோய் விளங்கிவிடும். ஆண்மகன் பதில் சொன்னால் இவற்றில் பாதி விடுபடும் என்பதையும் மறக்கக்கூடாது. இதே வாய்மொழி முறையை நாடு முழுவதும் கையாண்டு 2012இல் வெளியான ஆய்வில், 30–69 வயது இந்தியப் பெண்களின் புற்றுநோய் இறப்புகளில் 17 விழுக்காடு கருப்பைவாய்ப் புற்றால் நேர்ந்தவை எனத் தெரிந்தது. பெண்களின் புற்றுநோய் இறப்புகளில் அதுவே முதலிடம் பெற்றது.

அம்பிளிக்கை: வினிகரும் செவிலியரும்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் உள்ள ஊர் அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையம் 1990களின் நடுவில் ஊரகப் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. கிடைத்த எண் திகைப்பூட்டியது. அப்பகுதியில் கருப்பைவாய்ப் புற்று லட்சத்துக்கு 65 பேர் அளவில் இருந்தது. உலகில் அதுவரை பதிவான மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. சென்னையின் வீதம் குறைந்துவந்த அதே காலத்தில் கிராமத்தின் நிலை இது.

என்ன செய்வது? பாப் ஸ்மியர் எடுக்கலாம். ஆனால் தகட்டைப் படிக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். முடிவு வர வாரங்கள் ஆகும். முடிவைக் கேட்க அந்தப் பெண் மறுபடி வர வேண்டும். களையெடுப்புக்கோ மல்லாட்டை பறிப்புக்கோ போனால்தான் அன்றைய கூலி என்றிருப்பவர், உடம்பில் ஒன்றும் தெரியாதபோது இரண்டாம் முறை வரமாட்டார். கிராம சுகாதார செவிலியர்களுக்கே பயிற்சி அளித்துக் கருப்பைவாயைப் பார்க்கவும் ஸ்மியர் எடுக்கவும் வைக்க முடியுமா என்று அடையாறு நிலையம் ஆராய்ந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டிருந்தது. செவிலியரால் முடியும் என்பது தெரிந்தது. தகட்டைப் படிப்பவர் எங்கே என்ற கேள்வி நின்றது.

அதற்கு விடையாக வந்தது வினிகர் சோதனை. 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அமிலம் செல்லின் கருவிலுள்ள புரதத்தைச் சற்று நேரம் உறையச் செய்கிறது. முன்னோடி மாற்றம் உள்ள இடத்தில் கரு பெரிதாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் அங்கே ஒளி ஊடுருவாமல் அடர்ந்த வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. ஆய்வுக்கூடம் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். கருப்பைவாயில் வெள்ளை கண்டவுடன், அதே நாளில், உறையவைக்கும் கருவியால் அந்த இடத்தை அழித்துவிடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த ரெங்கசாமி சங்கரநாராயணன், அம்பிளிக்கை மையத்தின் ஆர். ராஜ்குமார் முதலியோர் 2000ஆம் ஆண்டில் ஆய்வைத் தொடங்கினர். 114 தொகுதிகளில் சீட்டு முறையில் 57 தொகுதிகள் சோதனைக்கும் 57 ஒப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. சோதனைப் பகுதியில் 30–59 வயதுப் பெண்கள் 49,311 பேர். ஒப்பீட்டுப் பகுதியில் 30,958 பேர். வீடு வீடாகச் சென்று அழைத்ததில் 31,343 பெண்கள் வந்தனர். நூற்றுக்கு 64 பேர் வந்தது, இத்தகைய கூச்சம் மிகுந்த சோதனைக்குச் சாதனைதான். வந்தவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு வெள்ளைத் திட்டு காணப்பட்டது. கோல்போஸ்கோப்பில் பார்ப்பது, திசுத் துண்டு எடுப்பது, உறையவைப்பது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற செவிலியர்களே செய்தனர்.

2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. சோதனைப் பகுதியில் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 30–39 வயதினரிடம் பயன் மிகுதி. நுண்ணோக்கியின்றிக் கண்ணால் மட்டும் பார்க்கும் சோதனை உயிரைக் காக்கிறது என்பதற்கு உலகில் கிடைத்த முதல் உறுதியான சான்று இதுவாகும். பின்னர் மும்பையில் நடந்த ஆய்வும் 31 விழுக்காடு இறப்புக் குறைவைக் காட்டியது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில், வைரஸின் மரபுப்பொருளை நேரடியாகத் தேடும் சோதனை ஒரே முறை செய்ததிலேயே இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என 2009இல் தெரியவந்தது.

இந்த மூன்று ஆய்வுகள் மீதும் ஒரு கடுமையான கேள்வி எழுப்பப்பட்டது. பாப் ஸ்மியர் நோயைக் குறைக்கும் என்று உலகம் அறிந்து அரை நூற்றாண்டு கழிந்த பின், ஒப்பீட்டுப் பகுதிப் பெண்களைச் சோதிக்காமல் விட்டு அவர்களின் இறப்பை எண்ணியது அறமா என்று 2014இல் அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா இந்திய மருத்துவ அறநெறி இதழில் எழுதினார். அப்பகுதிகளில் அப்போது வேறு சோதனை எதுவும் கிடையாது, வழக்கமான நிலையே அதுதான் என்பது ஆய்வாளர் தரப்பின் வாதம். இரண்டு தரப்பிலும் உண்மை உண்டு. அம்பிளிக்கை எண்கள் இல்லாமல் பின்வந்த அரசுத் திட்டம் இல்லை. அந்த எண்களில் ஒரு பகுதி, சோதனைக்கு அழைக்கப்படாத கிராமத்துப் பெண்களின் மரணங்களால் ஆனது என்பதும் மறைக்கக்கூடாத செய்தி.

அரசுத் திட்டமும் தயக்கமும்

உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் வினிகர், அயோடின் சோதனைகள் முன்னோட்டமாகத் தொடங்கின. 2012 முதல் மாநிலம் முழுவதும் படிப்படியாக விரிந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இச்சோதனை கிடைக்கும் நிலை வந்தது. இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30–49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டதாகக் கூறியவர்கள் 9.8 விழுக்காட்டினரே. இந்திய அளவு 1.9 விழுக்காடு. மற்ற மாநிலங்களை ஒப்பிட்டுத் தமிழ்நாடு தேறிவிட்டது எனலாம். பத்தில் ஒன்பது பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்றும் கூறலாம்.

வளவனூர் போன்ற பேரூரை எடுத்துக்கொண்டால், வசதி இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. விழுப்புரம்–புதுச்சேரி வழித்தடத்தில் ஊர் அமைந்துள்ளது. கிழக்கே பேருந்து ஏறினால் ஜிப்மர்; அதன் மண்டலப் புற்றுநோய் மையத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு. மேற்கே விழுப்புரம் போய், முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். திண்டிவனம் வழியே சென்னைக்கும் சாலை இருக்கிறது. தடை வேறிடத்தில் உள்ளது. வெள்ளைப்படுதலைச் 'சூட்டு' என்று நினைத்து மோரும் வெந்தயமும் குடித்துக் காலம் கடத்துவது, தீட்டு நின்ற பின் வரும் இரத்தத்தை மகனிடமோ கணவரிடமோ சொல்லக் கூசுவது, ஒன்றும் வலிக்காதபோது எதற்குக் காட்ட வேண்டும் என்று கேட்பது ஆகியவையே அத்தடைகள். கடைசிக் கேள்விக்கு மேலே சொன்ன நோயியலில் விடை இருக்கிறது. வலி வந்துவிட்டால் அடித்தளச் சவ்வு உடைந்து நெடுநாள் ஆகிவிட்டது என்று பொருள்.

தடுப்பூசி

எச்.பி.வி. தடுப்பூசி 2006இல் அமெரிக்காவிலும் 2008இல் இந்தியாவிலும் அனுமதி பெற்றது. வைரஸின் வெளிக்கூட்டுப் புரதம் மட்டுமே இதில் உள்ளது. உள்ளே மரபுப்பொருள் இல்லாததால் தொற்றை உண்டாக்காது. வந்த தொற்றை இது போக்காது. தொற்று நேருமுன் சிறுமியருக்குப் போடுவது அதனால்தான்.

2009இல் ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வடோதரா மாவட்டங்களில் செயல்விளக்கத் திட்டம் ஒன்று தொடங்கியது. சில சிறுமியர் இறந்த செய்தியால் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு கூறியது. ஆனால் பெற்றோர் ஒப்புதல் பெற்ற முறையில் கடுங்குறைகள் இருந்தன. விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததை நாடாளுமன்றக் குழு 2013இல் கண்டித்தது. வேறு ஒரு ஆய்வும் அந்த ஆணையால் நடுவழியில் நின்றது. அதன் மையங்களில் அம்பிளிக்கையும் ஒன்று. இரண்டு, மூன்று தவணை போட வேண்டிய சிறுமியரில் 5,000 பேர் அளவில் ஒரே தவணையோடு நின்றுவிட்டனர். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஒரே தவணை, 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றை 95 விழுக்காடு தடுப்பது 2021இல் வெளியான முடிவில் தெரிந்தது. யாரும் திட்டமிடாத இச்சான்றும் சேர்ந்து, ஒரு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்க வழிசெய்தது. ஏழை நாடுகளின் செலவு இதனால் பாதியாகியது.

2022இல் புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் என்னும் உள்நாட்டுத் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு அரசின் 2025–26 வரவு செலவுத் திட்டத்தில், 14 வயதுச் சிறுமியர் அனைவருக்கும் படிப்படியாக இத்தடுப்பூசி போட ரூ.36 கோடி அறிவிக்கப்பட்டது. 2025இல் 14 வயதான பெண், பரிசோதனை தொடங்கும் 30 வயதை எட்டுவது 2041இல். அதுவரையும் அதற்குப் பின்னரும் அவளுடைய தாய்க்கும் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் இந்தத் தடுப்பூசியால் பயன் இல்லை. அவர்களுக்கு உள்ள வழி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தச் சோதனைதான்.